அட்மின் உள்ளே போகிறார், மற்றவர்களால் முடியவில்லையா?

விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கணினியிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதி) வழியாக அட்மின் நுழைய முடிகிறது, சாதாரண யூசரை மட்டும் பாஸ்வேர்டு கேட்டபிறகு திருப்பி அனுப்புகிறது என்றால் ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம், அந்த யூசரை 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் சேர்த்துவிடுங்கள். சிஸ்டம் புராபர்ட்டீஸில் ரிமோட் டேப், அதில் 'செலக்ட் யூசர்ஸ்' பட்டன், பெயரைச் சேர்த்து ஓகே. அவ்வளவுதான்.

அதே கணினியிலிருந்து அட்மின் போக முடிகிறது என்றாலே நெட்வொர்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் 3389 போர்ட்டும் சரியாக இருக்கின்றன, குறை அனுமதியில்தான். ரிமோட்டில் நுழையும் உரிமை சாதாரண சர்வரில் அட்மின்களுக்கும் இந்தக் குழுவுக்கும் மட்டுமே இயல்பாகத் தரப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கு யூசரையே அட்மின் ஆக்கிவிடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மொத்த சர்வரையும் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

டொமைன் கன்ட்ரோலரில் (நிறுவனத்தின் யூசர் கணக்குகளை எல்லாம் நிர்வகிக்கும் சர்வர்) இது மட்டும் போதாது. அங்கே அந்த உரிமை அட்மின்களுக்கு மட்டும்தான், குரூப் பாலிசியில் (யாருக்கு என்ன உரிமை என்பது போன்ற விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) 'அலவ் லாக் ஆன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என்ற இடத்திலும் சேர்க்க வேண்டும். (முடிந்தவரை அங்கே சாதாரண யூசரை விடாமல் இருப்பதே நல்லது.) அப்புறம், பக்கத்திலேயே 'டினை' என்று தொடங்கும் பாலிசி ஒன்று இருக்கும், அதில் யூசரோ அவர் இருக்கும் குழுவோ இருந்தால் எங்கே சேர்த்தும் பயனில்லை. அட்மினாலேயே நுழைய முடியவில்லை என்றால் அது வேறு சிக்கல், அப்போது ஃபயர்வாலைப் பாருங்கள்.