சமையற்கட்டு வினைல் தரை கெட்டுப்போனால் செய்யக் கூடாதவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தரை வேலை பழக வரும் பையன்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தப்புகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். வீட்டுக்காரர்கள் தாங்களே கத்தியை எடுத்து உட்காருவதும் உண்டு. அது நல்லதுதான், சின்னக் கிழிசலுக்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை. அளவு பார்க்காமல் வெட்டுவது, பூ டிசைனைத் தலைகீழாக ஒட்டுவது மாதிரியானவை ஒரு தடவை பட்டால் புரிந்துவிடும். பட்ட பிறகும் புரியாமல் போகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பழசின் மேலேயே புதுசை விரிப்பது

மற்ற எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். தீபாவளி நெருங்கினால் போதும், பெரபோட் (தளவாடம்) கடை வாசலில் தீக்கார் கெத்தா, அதாவது வினைல் விரிப்புச் சுருள்கள் வரிசையாக நிற்கும். அடிக் கணக்கில் வெட்டி வாங்கி வந்து, கிழிந்து கிடக்கும் பழசின் மேலேயே விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். பேராக்கில் அக்டோபர், நவம்பர்தான் கொட்டும் மழைக்காலம். தரை அதிகமாக ஈரம் குடித்திருக்கும் நேரம் பார்த்து அதை மூடுகிறோம்.

வினைல் என்பது பிவிசி. நீராவி அதைத் தாண்டி மேலே வராது. சிமெண்டுத் தரையில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடும். பசை இளகும், ஓரம் தூக்கும், நடுவில் கொப்புளம் எழும். அந்தக் கொப்புளத்தைக் கத்தியால் குத்திப் பசை விட்டு அமுக்குவார்கள். அடுத்த மழையில் அது பக்கத்திலேயே இன்னோரிடத்தில் கிளம்பும்.

தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். "ஓரம்தான் தம்பி கொஞ்சம் தூக்குது, மேலே ஒன்னு போட்டு முடிச்சிருங்க" என்றார் அந்த அக்கா. குளிர்பெட்டியை நகர்த்தி மூலையைப் பிடித்து இழுத்தேன். மேலே வெள்ளை மார்பிள் டிசைன். அதற்கடியில் நீலக் கட்டம், அதற்கும் அடியில் காவிப் பூ. எல்லாவற்றுக்கும் கீழே கறுப்புப் பூஞ்சை, விரலால் வழித்தால் சேறாக வந்தது. ஈரம் பக்கவாட்டில் போய்க் கேபினட் அடிப்பலகையில் ஏறியிருந்தது. பலகையை அமுக்கினேன், ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. "அப்ப பலகையுமா போச்சு?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கீழ்க் கேபினட் முழுவதையும் மாற்றும்படி ஆனது. ஆரம்பத்திலேயே பழசைப் பிரித்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

நம் பக்கத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்க ஒரு காரணம் இருக்கிறது. சமையற்கட்டு பெரும்பாலும் பின்பக்கம் இழுத்துக் கட்டிய இடம். மண்ணைக் கொட்டி, அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமலேயே சிமெண்டு ஊற்றியிருப்பார்கள். சில வீடுகளில் பழைய லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) மேலேயே தரை போயிருக்கும். பழைய வீடும் புதுக்கட்டும் சேரும் கோட்டில்தான் முதலில் கொப்புளம் வரும். அங்கே தூக்கினால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க் அடியில் தூக்கினால் முதலில் பைப்பைப் பாருங்கள்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பழசைப் பிரித்து, தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேல் ஈரம் காயும்வரை காற்றாடி போடுங்கள். அப்புறம் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ, அந்தத் தரையில் வினைலை ஒட்டாதீர்கள். ஈரத்தடுப்பு எபொக்சி பூசலாம். காசு இருந்தால் செராமிக் ஓடு போடலாம், அது ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டுக்கும் வசதி இல்லையென்றால் ஒட்டாமல் சும்மா விரித்து, அவ்வப்போது தூக்கிக் காயவிடுங்கள்.

புதிதாக ஊற்றிய தரைக்கும் பொறுமை வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது தொழிலில் பொதுக் கணக்கு. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதற்கு மேலும் ஆகும்.

கிழிசலுக்கு அளவெடுத்துத் துண்டு வெட்டுவது

ஓட்டையை அளந்து, துண்டைத் தனியாக வெட்டி வைத்தால் எந்தக் காலத்திலும் பொருந்தாது. கிழிசலை விடப் பெரிய துண்டை அதன் மேல் வைத்து, டிசைன் சேரும்படி நகர்த்தி, டேப் போட்டு அசையாமல் பிடியுங்கள். புது பிளேடு மாட்டி, இரும்பு ஸ்கேலை அமுக்கி, இரண்டு அடுக்கும் ஒன்றாக அறுபடும்படி இழுங்கள். கட்டம் போட்ட டிசைனாக இருந்தால் கட்டக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள், இணைப்பு கண்ணுக்கே தெரியாது. கெட்ட பகுதியை எடுத்து, அடியில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, புதுத் துண்டை ஒட்டி, இணைப்பை அடைக்கும் சீலர் விடுங்கள்.

மிச்சத் துண்டு இல்லையா? குளிர்பெட்டிக்கு அடியில் இருந்து வெட்டி எடுங்கள். அதே வயசு, அதே நிறம்.

தின்னர்

பசையோ கறையோ போக இந்தப் பெயிண்ட் கரைப்பானை ஊற்றாதீர்கள். வினைல் இளகிவிடும்.

ரப்பர் கால்மிதி

கிழிசலை மறைக்க அடிப்பக்கம் ரப்பர் வைத்த கால்மிதியைப் போடுகிறார்கள். ரப்பரில் சேர்க்கும் இரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சளாக, பழுப்பாகக் கறை பிடிக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. துணி மிதியடி போதும்.

கேஸ் தோங்கை (சிலிண்டரை) இழுப்பது

14 கிலோ கேஸ், அதோடு இரும்பின் எடையும். அடிவளையம் தரையை வழித்துக்கொண்டு போகும். தூக்கி வையுங்கள்.

பழைய ஒன்பது அங்குல ஓடுகளைச் சுரண்டுவது

தோட்டத்துப் பழைய கிராணி (எழுத்தர்) வீடுகளில் ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடும், அடியில் கறுப்புப் பசையும் இருந்தால் கையை வைக்காதீர்கள். 1980களுக்கு முந்தைய அத்தகைய ஓட்டிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். உடையாமல் இறுக்கமாக இருந்தால், தரையும் காய்ந்திருந்தால், இதை மட்டும் பிரிக்காமல் மேலே மூடிவிடலாம். உடைந்து கிடந்தால் கூட்டிப் பெருக்காதீர்கள். அந்த வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

ஒட்டிய கையோடு தரையைத் துடைப்பது

இணைப்பின் மேல் ஒரு பலகை, அதன் மேல் அரிசி மூட்டை. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும், அதுவரை தண்ணீர் படக் கூடாது. ஓரம் சுருண்டு நின்றால் முடி காயவைக்கும் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, இளகியதும் கையால் தடவி அமர்த்திவிட்டுப் பசை போடுங்கள். குளிர்ந்த வினைலை அப்படியே மடக்கி அமுக்கினால் விரிசல் விடும்.