வன்கொடுமை வழக்கில் உடன் நிற்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலனியில் ஒரு பிரச்சினை என்றால் ஓடி வர ஆள் இருக்கிறார்கள். சட்டம் படிக்கும் தம்பி, கட்சித் தோழர், சங்கத்துக்காரர், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப் குழு நடத்தும் அண்ணன் என்று நாலு பேராவது வந்துவிடுவார்கள். அவர்களின் கோபமும் அக்கறையும் உண்மையானவை. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு எதிரான வழக்கு பலவீனமாவதும் பல நேரம் இவர்கள் கையால்தான். போலீஸின் மெத்தனத்தையும் ஆதிக்க சாதியின் செல்வாக்கையும் பற்றி நிறையப் பேசுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த வேலையில் இறங்கும் இளைஞர்கள் நம் பக்கத்துக் கோளாறுகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாப் புகாரும் ஒரே அச்சில்

"மேற்படி நபர் என்னைச் சாதிப் பெயரைச் சொல்லி, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்." இந்த வரி இல்லாத புகாரைப் பார்ப்பது அபூர்வம். நடந்தது வேறாக இருந்தாலும் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றாலே சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதுதான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஊரில் இதை 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். பி.சி.ஆர். என்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் சுருக்கப் பெயர். ஆனால் நாம் பேசுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி. 2015இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதன் பட்டியல் ரொம்ப நீளம்.

சுடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகும் வழியை மறித்தால் அது தனிக் குற்றம். பொதுக் குழாய், ஏரி, கிணறு, பாதையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, கோயிலுக்குள் விடாதது, ஊர்த்தெருவில் பைக் ஓட்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, புதுத்துணி உடுத்தக்கூடாது என்பது, கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது எல்லாமே பிரிவு 3(1)(இசட்.ஏ)வில் வருகின்றன. மளிகைக்கடையில் சாமான் தரக்கூடாது, மாந்தோப்பில் கூலி வேலை தரக்கூடாது என்று ஊர் கூடி ஒதுக்கிவைத்தால் அதற்குப் பிரிவு 3(1)(இசட்.சி). இவை எதற்கும் யாரும் யாரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கத் தேவையில்லை. சுடுகாட்டுப் பாதையை மறித்த சம்பவத்தை விட்டுவிட்டு, அங்கே நடந்த வாய்த்தகராறை மட்டும் புகாரில் எழுதிக் கொடுத்தால், கையில் இருந்த வலுவான குற்றத்தைக் கீழே போட்டுவிட்டுப் பலவீனமானதைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பலவீனமானது என்று சொல்லக் காரணம் உண்டு. சாதிப் பெயரால் இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்று சட்டமே நிபந்தனை போடுகிறது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டுச் சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது இதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றிலும் அதே கதை. அலுவலக அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள். அதனால் திட்டியது நடந்திருந்தால் எந்த இடம், சுற்றி யார் இருந்தார்கள் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர், பக்கத்து நிலத்தில் களை எடுத்தவர் என்று வெளியார் பெயர் வேண்டும். சொந்தக்காரர்கள் மட்டும் சாட்சி என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம்.

'தகாத வார்த்தை' என்று நாகரிகமாக எழுதுவதும் தப்பு. என்ன சொன்னாரோ அதை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், அப்படியே எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர் எழுதத் தெரியாதவர் என்றால் நாம் உட்கார்ந்து நமக்குத் தெரிந்த நடையில் எழுதித் தரத் தேவையே இல்லை. வாய்மொழியாகச் சொல்லலாம். நிலைய அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது இந்தச் சட்டத்துக்கான 1995ஆம் ஆண்டு விதிகளின் 5ஆம் விதி. நாம் எழுதித் தந்த வாக்கியத்தைப் பாதிக்கப்பட்ட அம்மா சில வருஷம் கழித்துக் கூண்டில் நின்று சொல்ல முடியாமல் தடுமாறுவார். அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்றால் மறக்காது.

இன்னொன்று, எதிரிப் பட்டியலை நீட்டுவது. அடித்தது மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். பழைய வரப்புத் தகராறை மனதில் வைத்து, அன்றைக்கு ஓசூரில் ஷிப்டில் இருந்தவன் பெயரையும் சேர்த்தால், அவனுடைய வருகைப் பதிவேடு ஒன்றே மற்ற மூன்று பேரையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடும். பெயர் தெரியாதவர்களை 'பார்த்தால் அடையாளம் காட்ட முடியும்' என்று எழுதலாமே.

திங்கட்கிழமை மனு

கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, ரசீதைப் படம் எடுத்துப் போட்டு, "புகார் அளிக்கப்பட்டது" என்று எழுதுகிறவர்கள் நிறைய. அந்த மனு சுற்றிச் சுற்றி, எந்தக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று நினைத்தார்களோ அங்கேயே வந்து சேரும். அதற்குள் காயம் ஆறியிருக்கும், சாட்சி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார், எதிர்த்தரப்பின் புகார் முன்தேதியில் பதிவாகியிருக்கும். கலெக்டருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்துக்கும் மனு போடலாம், போடவும் வேண்டும். ஆனால் காவல் நிலையப் புகார்தான் முதலில்.

அங்கே தரும் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் மனு பெற்றதற்கான ரசீது மட்டும்) எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். "விசாரிச்சிட்டுப் போடறோம்" என்பார்கள். 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவுசெய்ய முன்விசாரணை தேவையில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. நிலையத்தில் மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. அதைக் கேட்கும் நாளில் அந்த ரசீதுதான் பேசும்.

விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரே முழு விசாரணையையும் முடித்துவிட்டு டி.எஸ்.பி. கையெழுத்து மட்டும் போட்டால், அந்த ஓட்டை வழியாகப் பின்னால் எதிர்த்தரப்பு வெளியேறும். எனவே வாக்குமூலம் எடுக்க யார் வந்தார், என்றைக்கு வந்தார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

போனில் இருக்கும் ஆதாரம்

2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், தோட்டத்து வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிய வீடியோ பரவியது. வழக்கும் கைதும் நடந்தன. அதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட பாடம், வீடியோ எடுத்துப் போட்டால் போதும் என்பது. போதாது. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோ நீதிமன்றத்தில் தள்ளாடும். எடுத்த போன், அதில் உள்ள மூலப் பதிவு, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் ஆகியவை வேண்டும். அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். எடுத்தவரும் சாட்சி என்பதால் அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பகிர்வதற்கு முன் முகத்தைப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டமும் வரும். நியாயம் கேட்கிறோம் என்பது இதற்கு விலக்கு அல்ல. மற்ற வழக்குகளில் சட்டம் தடுக்காவிட்டாலும், நாளைக்கும் அதே தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டியவர் அந்தப் பெண்தான். போடலாமா என்று அவரைக் கேட்க அரை நிமிடம் ஆகுமா?

எந்தச் சட்டம் யாருக்கு

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். 1989 சட்டம், குற்றம் செய்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால்தான் பொருந்தும். அருந்ததியர் குடும்பத்தை இன்னொரு பட்டியல் சாதியினர் ஒதுக்கினாலோ, இருளர் பெண்ணை அவர்கள் அடித்தாலோ இந்தச் சட்டம் வராது. அதற்காக "நமக்குள்ளே விடுங்க" என்று மூடிவைப்பது பெரிய அநியாயம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையை யார் கடைப்பிடித்தாலும் பிடிக்கும். அடித்தால், மிரட்டினால் பொதுக் குற்றவியல் சட்டமும் இருக்கிறது.

இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழே இல்லாத வீடுகள் உண்டு. "சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்று நிலையத்தில் சொன்னதும் நாமும் தலையாட்டிவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையத் தொடங்குவது தவறு. குற்றப்பத்திரிகைக்கும் தீருதவிக்கும் (பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை) அது வேண்டும். எஃப்.ஐ.ஆருக்கு அதைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார்கள், பழங்குடியினருக்கு அந்தத் தடை இல்லை. இது நியாயமா என்பது வேறு விவாதம். புகார் எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பேசி முடிப்பது

மாரியம்மன் திருவிழாவோ எருது விடும் விழாவோ நெருங்கும் நேரத்தில் தகராறு வந்தால், முதலில் நடப்பது அமைதிக் கூட்டம். தாசில்தார், இன்ஸ்பெக்டர், ஊர்ப் பெரியவர்கள், காலனி சார்பில் இரண்டு பேர். "இந்த வருஷம் விட்டுடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பதில் முடியும். கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதப்படாத வாக்குறுதியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். நடவடிக்கைக் குறிப்பின் நகல் கிடைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். கோயிலைப் பூட்டி சீல் வைப்பதைத் தீர்வாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். பூட்டிய கோயிலுக்குப் பழி நம் தெருவின் மேல்தான் விழும்.

இதே இடத்தில் ஆர்வலர்கள் தலைகீழாகச் செய்யும் தவறும் உண்டு. காலனி மக்களைக் கேட்காமலே ஆலய நுழைவுக்குத் தேதி குறித்து முகநூலில் அறிவித்துவிடுவது. அறிவித்தவர் அன்று மாலையே பஸ் ஏறிவிடுவார், ராத்திரி கல் விழுவது அங்கே இருப்பவர்களின் வீட்டுக் கூரை மேல்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டதைத் தருமபுரியில் மறந்தவர் இருக்க முடியாது. அப்படி ஏதாவது நடந்தால் எரிந்ததைக் கூட்டித் தள்ளும் முன் வீடு வீடாகப் படமும் பட்டியலும் எடுக்க வேண்டும். நகை, டிவி எல்லாம் எழுதுவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் எழுத விட்டுப்போகும். சேதத்தை மதிப்பிடுவதும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் தயாரிப்பதும், ஏழு நாளுக்குள் உடனடி நிவாரணம் தருவதும் விதிப்படி மாவட்ட நிர்வாகத்தின் வேலை. பல குற்றங்களில் தீருதவியின் ஒரு பங்கு எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே வந்துவிட வேண்டும். "காசுக்காகக் கேஸ் போடறாங்க" என்ற பேச்சுக்குக் கூசி அதைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கல்யாணப் போட்டோவைப் போடாதீர்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று நண்பர்களிடம்கூடச் சொல்லாதீர்கள். ஓசூரில் குடியிருந்த சூளகிரிப் பக்கத்துத் தம்பதியின் உடல்கள் 2018 நவம்பரில் கர்நாடகக் காவிரியில் கிடைத்தன. எஸ்.பி.யிடம் பாதுகாப்பு கேட்க 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது. ஆனால் "ஸ்டேஷனுக்கு வாங்க, பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்ற அழைப்புக்கு வக்கீல் இல்லாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு

அரூர் பக்கத்து வாச்சாத்தி என்ற பழங்குடி ஊரில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து தாக்கியது 1992 ஜூன் 20. சி.பி.ஐ. விசாரணை கிடைத்தது 1995இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்பைப் பார்க்கவே இல்லை, இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பர் 29. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல், அதே செப்டம்பர் 29. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அந்தப் பெண்கள் இத்தனை வருடம் சொல் மாறாமல் நின்றதற்கு அவர்களின் உறுதி காரணம். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அவர்களைக் கைவிடாமல் நின்றதும் காரணம். நம் குழுக்கள் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். எண் கிடைத்ததும் கலைந்துவிடுகின்றன. வாய்தாவுக்கு யார் கூடப் போவது என்று கேட்டால் ஆளைக் காணோம். சாட்சி பிறழ்வது பெரும்பாலும் இந்த ஆளில்லாத வருடங்களில்தான்.

ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது. அறிவிப்பு வராமலே ஜாமீன் கிடைத்துவிட்டால் அதையே காரணமாகக் காட்டி உயர் நீதிமன்றம் போகலாம். அரசு வக்கீல் மேல் நம்பிக்கை இல்லையென்றால், மூத்த வக்கீல் ஒருவரை அமர்த்தித் தரும்படி 4(5) விதியின் கீழ் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். அப்புறம் 11ஆம் விதி. இதை வக்கீல்களே சில பேர் சொல்வதில்லை. விசாரணைக்கும் சாட்சி சொல்லவும் வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவும் அன்றாடப் படியும் அரசு தர வேண்டும், அந்தப் படி குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. பெங்களூரில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு தருமபுரி கோர்ட்டுக்கு வரும் சாட்சிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் வாங்கி வைத்து, எந்த வாய்தாவுக்கு யார் வந்தார் என்று தேதியோடு குறித்து, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுதிக் கேட்கும் வேலையை உங்கள் குழுவில் ஒருவர் பெயரில் முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.