மண் தொட்டியில் பூத்த உப்பு: எடுக்கும்போது செய்யக் கூடாதவை

மாடித் தோட்டத்துக்கு போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இதைப் பார்க்கலாம். வாங்கும்போது செக்கச் செவேலென்று இருந்த மண் தொட்டி, சில மாதங்களில் விளிம்பிலும் அடியிலும் வெள்ளை பூத்து நிற்கும். அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை. தொட்டியின் சுவர் முழுக்க நுண்துளைகள். ஊற்றிய தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து காற்றில் உலர்ந்துவிடும்; அதிலிருந்த சுண்ணாம்பும் உரத்தின் உப்பும் சுவரிலேயே தங்கிவிடும். வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துவிட்டு, நாலு நாளில் மறுபடி பூத்துவிட்டதே என்று வருத்தப்படுவது இதனால்தான்.

எடுத்தவுடனே தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஈரம் பட்டதும் மேலே பூத்த உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். தொட்டியைக் காலி செய்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தேங்காய் நாரால் உலர்வாகவே தேயுங்கள். நிறைய உப்பு அதிலேயே உதிர்ந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழும்.

அப்புறமும் உதிராமல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். நுரைக்காமல், பஞ்சு மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் பூஞ்சை. சுண்ணாம்புக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். லேசான கறைக்குப் பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற புளிச் சக்கையே போதும். ஒரே தடவையில் எல்லாம் போய்விடாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

அந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் கழிப்பறை ஆசிட்டை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பீங்கானில் வழிந்து ஓடிவிடுகிற ஆசிட், மண் சுவரில் துளைக்குள் இறங்கித் தங்கும். பின்னால் வேரைத் தொடும். ப்ளீச்சிங் பவுடர் சுண்ணாம்புக் கறையை எடுக்கவே எடுக்காது. அதோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

வினிகரில் ஊறிய தொட்டியில் உடனே செடி வைப்பதும் தவறு. ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்த பிறகே மண் நிரப்புங்கள். கறையை மறைக்கப் பெயின்ட் அடிப்பதும் பலிக்காது. உள்ளிருந்து வரும் உப்பு அதை உரித்துத் தள்ளிவிடும்.

சரி, மறுபடி பூக்காமல் இருக்க? அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அந்த உப்புநீரைத் தொட்டி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உரத்தை அளவோடு போடுங்கள். மாதம் ஒருமுறை அடித்துளை வழியே நன்றாக ஓடும்படி தண்ணீர் விட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு வெளியேறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தட்டுகளை எடுத்துவிட்டுத் தொட்டிகளைத் திறந்த மாடியில் வையுங்கள். மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மண்ணையும் சுவரையும் அது நன்றாக அலசிவிடும்.