ஸ்காபரோவில் மிட்வைஃப் கிடைக்க வேண்டுமென்றால்

மூன்று மாதம் முடியும்வரை வயிற்றில் பிள்ளை இருப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மிட்வைஃப், அதாவது பேறு பார்க்கும் மருத்துவிச்சி, வேண்டுமென்றால் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும்: மிட்வைஃப் கிளினிக்கில் போன் எடுப்பவருக்கு. டெஸ்டில் இரண்டு கோடு வந்த கிழமையே அவருக்குச் சொல்லிவிடுங்கள். மாமிக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.

என் இரண்டு பிள்ளைகளும் மிட்வைஃபின் கையில் பிறந்தவர்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியில், இளையவன் வீட்டில். அதற்குப் பிறகு தங்கச்சி, மச்சாள், கூட வேலை செய்கிற பிள்ளைகள் என்று யாருக்குப் பிள்ளை தங்கினாலும் எனக்கு ஒரு கோல் வரும். "அக்கா, எல்லா இடமும் ஃபுல் என்கிறார்கள்" என்றுதான் தொடங்குவார்கள். ஃபுல் என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முழுநேரமாக வேலை செய்யும் ஒரு மிட்வைஃப் ஆண்டுக்குச் சுமார் 40 தாய்மாரைத்தான் தன் பொறுப்பில் எடுப்பார். மாதத்துக்கு மூன்று, நான்கு பேர். இரவு பகல் பேஜரோடு திரிகிற வேலை, அதற்கு மேல் எடுக்க முடியாது. அதோடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எத்தனை மிட்வைஃப்களுக்கு உள்ளே வந்து பிரசவம் பார்க்க அனுமதி கொடுப்பது என்று தன்பாட்டில் ஒரு அளவு வைத்திருக்கிறது. அதனால் இடம் என்பது கிளினிக்குக்கு இல்லை, மாதத்துக்குத்தான். நவம்பருக்கு ஃபுல்லாக இருக்கும் கிளினிக்கில் ஒக்டோபருக்கு இடம் இருக்கலாம். ஜூலை, ஆகஸ்ட், டிசெம்பர் மூன்றும் எப்போதும் இறுக்கம்; மிட்வைஃப்களும் லீவு எடுப்பார்கள்தானே.

ஆகவே கோல் எடுக்க முன் பேறு திகதியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னுக்குப் போங்கள். மார்ச் 10 என்றால் டிசெம்பர் 17. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இது சரிவராது, ஸ்கானில் திருத்திக்கொள்வார்கள். ஆனாலும் கோல் எடுப்பதற்கு இது போதும். ஸ்கான் வரட்டும் என்று காத்திருந்தால் உங்கள் மாதம் போய்விடும்.

குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நேரடியாக நீங்களே எடுக்கலாம். என் மச்சாளை ஒரு வைத்தியரின் கிளினிக்கில், "12 கிழமைக்குப் பிறகு வாருங்கள், மிட்வைஃபுக்குக் கடிதம் தருகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளும் நல்ல பிள்ளையாக 12 கிழமை இருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒன்ராறியோ மிட்வைஃப்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் உங்களுக்குக் கிட்டவுள்ள கிளினிக்குகளைத் தேடி எடுக்கலாம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு எல்லை உண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எம்1 என்று தொடங்கும் தபால் குறியீடு உள்ளவர்களை எடுக்கும் கிளினிக், பக்கத்து நகரமான மார்க்கத்தில் எல்3, எல்6 காரரை எடுக்காமல் விடலாம். எல்லையில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் கேளுங்கள். இரண்டையும் பிரிக்கும் ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இங்கே உண்மையிலேயே பெரிய விஷயம். ஒரு கிளினிக்கில் மட்டும் பெயர் கொடுத்துவிட்டு இருக்க வேண்டாம். எட்டக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாவற்றிலும் ஒரே நாளில் கொடுங்கள். அது தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொன்றிடமும் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போவது வழக்கம்.

பெரும்பாலும் வொய்ஸ்மெயில்தான் எடுக்கும். இங்கேதான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "ஹலோ, நான் கர்ப்பமாக இருக்கிறேன், திரும்ப எடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டால் யாருக்கு என்ன விளங்கும்? பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். எங்கள் பெயர்களின் நீளம் தெரிந்ததுதானே. பிறகு போன் நம்பரை இரண்டு தரம். பேறு திகதி, தபால் குறியீடு, இது எத்தனையாவது பிள்ளை, முந்தியது சுகப்பிரசவமா சிசேரியனா, சீனி வருத்தம், பிரெஷர் ஏதும் உண்டா. முன்பு இதே கிளினிக்கில் பிள்ளை பெற்றிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பழைய ஆட்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் கிளினிக்குகள் உண்டு. இணையத்தில் படிவம் இருந்தால் அதையும் நிரப்பிவிட்டுக் கோலும் எடுங்கள்.

நீங்கள் எவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கத் தயார் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம். வீட்டுப் பிரசவம் அல்லது பிரசவ நிலையம் (ஆஸ்பத்திரிக்கு வெளியே மிட்வைஃப்கள் பிரசவம் பார்க்கும் இடம்) வேண்டுமென்பவர்களைச் சில கிளினிக்குகள் முதலில் எடுக்கும். ஆஸ்பத்திரி அனுமதி குறைவாக உள்ள கிளினிக்குகள் அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு. உண்மையிலேயே விருப்பமென்றால் சொல்லுங்கள். இடம் பிடிக்க மட்டும் சொல்லாதீர்கள், 36 கிழமையில் அந்தக் கதை கதைக்க வேண்டி வரும். மாணவி ஒருவர் கூட நிற்பது பரவாயில்லை, புதிதாகப் பட்டம் பெற்றவர் என்றாலும் சரி என்று சொன்னால் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். ஒரு கிளினிக்கில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருடைய இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். புதியவர் என்று பயப்பட வேண்டாம். முதல் காலத்தில் அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்வார், பிரசவத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் வருவார்.

அப்புறம், தெரியாத நம்பர் வந்தால் எடுங்கள்! கிளினிக்குகளில் இருந்து கோல் வரும்போது நம்பர் மறைந்து வரலாம். ஏமாற்றுக் கோல் என்று நாங்கள் எடுக்கமாட்டோம், வொய்ஸ்மெயில் பெட்டியும் நிரம்பியிருக்கும். அவர்கள் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

காத்திருப்போர் பட்டியல் என்று சொன்னால் மனம் விடத் தேவையில்லை. ஆரம்பத்தில் எடுத்த எல்லாரும் கடைசிவரை நிற்பதில்லை. சிலருக்குப் பிள்ளை தங்காமல் போய்விடும். சிலர் வீடு மாறிப் போவார்கள். ஸ்கானில் இரட்டை என்று தெரிந்தவர் மகப்பேற்று நிபுணரிடம் போவார். பல கிளினிக்கில் பெயர் கொடுத்தவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடுவார்கள். இவற்றில் கூடுதலானவை 10 தொடக்கம் 14 கிழமைக்குள் நடக்கும், அந்த நாட்களில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் எடுத்துக் கேளுங்கள். "தொந்தரவு கொடுக்கிறேனோ" என்ற கூச்சம் வேண்டாம். மரியாதையாக, சுருக்கமாக: "இன்ன பெயர், இன்ன திகதி, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்." போன் எடுக்கிற பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த தரம் கதைக்க லேசு. பிந்தியும் இடம் கிடைப்பதுண்டு. என் தங்கச்சியுடன் வேலை செய்கிற ஒருத்திக்கு ஏழாம் மாதம் தொடங்கிய பிறகுதான் கோல் வந்தது.

இதற்கிடையில் பராமரிப்பு இல்லாமல் இருக்கக்கூடாது. குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனையும் முதல் ஸ்கானும் எடுத்துவிடுங்கள், ஃபோலிக் அசிட் தொடங்குங்கள். பிள்ளைக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பைப் பார்க்க 11 தொடக்கம் 13 கிழமைக்குள் செய்யும் ஸ்கிரீனிங் ஒன்று உண்டு, விரும்பினால் அதற்கும் நேரம் தப்பக்கூடாது. மிட்வைஃப் தேடுகிறேன் என்று சொல்லி, கிடைக்காவிட்டால் என்று நிபுணர் ஒருவருக்கும் கடிதம் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமும் முழுப் பராமரிப்பு எடுக்க முடியாது. மிட்வைஃப் கிடைத்ததும் மற்றதை நிறுத்துவீர்கள்.

வீட்டில் அம்மாமார் கேட்கிற கேள்வி வேறு. "டொக்டர் இல்லாமலா?" என் அம்மாவும் கேட்டார். ஒன்ராறியோவில் 1994 முதல் மிட்வைஃப்கள் அரசாங்கம் ஒழுங்குபடுத்தி, காசும் கொடுக்கும் தொழிலாக இருக்கிறார்கள். நான்கு வருடப் பட்டப்படிப்பு. இரத்தம், ஸ்கான் எல்லாம் அவர்களே எழுதுவார்கள், ஆஸ்பத்திரியில் அனுமதித்துப் பிரசவமும் பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் நிபுணரைக் கூப்பிடுவார்கள். யார் என்று பார்க்க வேண்டுமென்றால் ஒன்ராறியோ மிட்வைஃப்கள் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை அது) பதிவேட்டில் பெயர் போட்டுத் தேடலாம்.

ஆனால் அம்மாவை மாற்றியது இதொன்றும் இல்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு துணியும் கொக்கித் தராசும் எடுத்தார். பிள்ளையைத் துணிக்குள் போட்டுக் கொக்கியில் மாட்டி, கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்தார். சரக்குக் கறி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். நிறையைக் குறித்துவிட்டு மிட்வைஃப் என் தையலைப் பார்த்தார், பால் குடிக்கிற விதத்தைப் பார்த்தார், அடுப்பில் என்ன மணக்கிறது என்று கேட்டார். முதல் கிழமையில் இப்படிச் சில தரம் வீட்டுக்கு வருவார்கள். பிறகு ஆறு கிழமைவரை கிளினிக்கில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த முதல் நாட்களில் பச்சை உடம்போடு பனிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. நான் எல்லாரையும் இவ்வளவு பாடுபட்டுக் கோல் எடுக்கச் சொல்வது முக்கியமாக இந்த ஆறு கிழமைக்காகத்தான்.

இனிப் பிரசவ நிலையம். பலர் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அது தலைகீழான வழி. ரொறன்ரோ பிரசவ நிலையத்தில் நீங்களாகப் போய்ப் பதிய முடியாது. அங்கே பிரசவம் பார்க்க அனுமதியுள்ள மிட்வைஃப் உங்களுக்கு இருந்தால், அவர் மூலம்தான் இடம். ஆகவே கிளினிக்குக்கு எடுக்கும்போதே, "உங்கள் மிட்வைஃப்கள் அங்கே பார்ப்பார்களா?" என்று கேளுங்கள். இந்த நிலையம் 2014ல் நகர மையத்துக்குக் கிட்ட ரீஜன்ட் பார்க்கில் திறந்தது, பழங்குடி மிட்வைஃப்கள் முன்நின்று உருவாக்கியது. அறைகள் மூன்றுதான். சிக்கல் இல்லாத, ஒற்றைப் பிள்ளை, தலை கீழே, 37 கிழமை தாண்டிய பேறுகளுக்கு மட்டும். எபிடியூரல் (முதுகில் போடும் வலி நீக்கி ஊசி) இல்லை. பிறந்து சில மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். வடிவான இடம்தான். ஆனால் ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் இருப்பவர்கள், பின்னேரம் நான்கு மணிக்குப் பிரசவ வலியோடு டொன் வாலி பார்க்வே நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் மார்க்கம் ஸ்டூஃப்வில் ஆஸ்பத்திரியைத்தான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். 2018ல் அங்கே மிட்வைஃப்களே நடத்தும் ஒரு பகுதி தொடங்கியது. கனடாவில் ஆஸ்பத்திரிக்குள் அப்படி வந்தது அதுதான் முதல். பிரசவ நிலையம் போன்ற அறைகள். இடையில் எபிடியூரலோ நிபுணரோ தேவைப்பட்டால் அதே கட்டடத்துக்குள் மாறலாம். இதற்கும் அங்கே அனுமதியுள்ள மிட்வைஃப் வேண்டும்.

ஹெல்த் காட் (மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை) இன்னும் வராதவர்கள் தயங்கவே வேண்டாம். ஒன்ராறியோவில் வசிப்பவர் என்றால் காட் இல்லாவிட்டாலும் மிட்வைஃபின் பராமரிப்புக்குக் காசு இல்லை. அதை வொய்ஸ்மெயிலிலேயே சொல்லுங்கள், சில கிளினிக்குகள் அப்படிப்பட்டவர்களுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியின் பில் அதற்குள் வராது, அது வேறு. அந்தப் பில்லைத் தவிர்க்க விரும்பினால் வீட்டுப் பிரசவத்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கதையுங்கள். ஆங்கிலம் சங்கடமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மாமியாரோ கணவரோ மொழிபெயர்த்தால் சில கேள்விகளுக்கு உண்மையான மறுமொழி வராது.

மிட்வைஃப் எடுக்கமாட்டாத ஆட்களும் உண்டு. இரட்டைப் பிள்ளை, இன்சுலின் போடும் அளவுக்குப் பழைய சீனி வருத்தம், கடும் பிரெஷர் என்றால் நிபுணரிடம்தான் போக வேண்டும், மிட்வைஃப் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முந்தியது சிசேரியன் என்பதற்காக மட்டும் பின்வாங்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் வைத்து மிட்வைஃபுடன் சுகப்பிரசவத்துக்கு முயற்சிக்கலாம். கர்ப்பத்தில் வரும் சீனி எங்கள் ஆட்களுக்குக் கூடுதல், அதனால் பரிசோதனையை முந்தியே செய்யச் சொல்வார்கள். சாப்பாட்டில் கட்டுப்பட்டால் பெரும்பாலும் மிட்வைஃபிடமே தொடரலாம்.

ஒரு இடம் உறுதியானதும் மற்றக் கிளினிக்குகளுக்கு எடுத்துப் பெயரை வெட்டச் சொல்லுங்கள். கடைசிவரை கிடைக்காவிட்டால் நிபுணரிடமே பெற்றுக்கொள்ளுங்கள். ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் தாதிமார் பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கு வரும் திட்டம் ஒன்று உண்டு. தேவைப்படும் குடும்பங்களுக்கு இலவசம். ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட முன் தாதியிடம் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.