பிபி மாத்திரையை எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறோம்? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

"மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்போம். பொய் சொல்லும் எண்ணமே இருக்காது. நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டது நினைவில் இருக்கும், மூன்று வாரத்துக்கு முன் விட்டுப்போனது மறந்திருக்கும்.

என் அப்பா விஷயத்தில் இதுதான் நடந்தது. ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார். அப்பா பயந்துபோய் இரண்டையும் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது வாரம், நாற்காலியிலிருந்து எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிபி மிகவும் இறங்கியிருந்தது. அப்புறம் பழைய அட்டைகளை எண்ணியபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு கொடுத்த ஒரே மாத்திரையையே அவர் பாதி நாள்தான் சாப்பிட்டிருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

இது அப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோய்க்கான சிகிச்சையைச் சொன்னபடி தொடர்வது சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதனால் நினைவை நம்பாமல் எண்ணிப் பார்ப்போம். ஒரு நோட்டு, ஒரு பேனா, 30 நாள் பொறுமை போதும்.

படி 1: இருப்பை எண்ணுங்கள்

வீட்டில் எங்கெங்கே மாத்திரை இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அலமாரி, கைப்பை, ஆபீஸ் பை, பயணப் பெட்டியின் ஓரம் எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக எண்ணித் தேதியோடு எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கலாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், புரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள். ஒன்றையே இரண்டு மருந்தென்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுபவர்களும் உண்டு, அது ஆபத்து.

படி 2: சாப்பிட்ட உடனே குறியுங்கள்

நோட்டில் 30 கட்டம் போடுங்கள். மாத்திரை தொண்டையில் இறங்கிய கையோடு ஒரு டிக். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாகக் குறிக்க வேண்டாம், அங்கேதான் நினைவு ஏமாற்றும். விட்டுப்போன நாளில் காரணத்தை ஒரே வார்த்தையில் எழுதுங்கள்: மறதி, பயணம், தீர்ந்தது, தலைசுற்றல், "வேண்டாம்".

கடைசிச் சொல்லை எழுத வெட்கப்படாதீர்கள். மிக உபயோகமான குறிப்பு அதுதான்.

படி 3: கணக்கு

31ஆம் நாள் காலை, மாத்திரை போடுவதற்கு முன் மறுபடி எண்ணுங்கள். முதல் நாள் இருப்போடு நடுவில் வாங்கியதைக் கூட்டி, இப்போது மிச்சம் இருப்பதைக் கழித்தால் சாப்பிட்டது தெரியும். அதைச் சாப்பிட்டிருக்க வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

உதாரணமாக, தினம் ஒரு மாத்திரை. முதல் நாள் 12 இருந்தது, நடுவில் 30 வாங்கினீர்கள், இப்போது 19 மிச்சம். 42இல் 19 போனால் 23. சாப்பிட வேண்டியது 30. அப்படியானால் 77 சதவீதம். தினம் இரண்டு வேளை என்றால் 30க்குப் பதில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக் எண்ணிக்கையும் இந்தக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 100ஐத் தாண்டினால், விட்டதை ஈடுகட்ட ஏதோ ஒரு நாள் இரண்டாகப் போட்டிருக்கலாம்.

படி 4: எண்ணை வாசிப்பது

ஒருவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று சொல்ல ஆராய்ச்சிகளில் 80 சதவீதம்தான் வழக்கமான எல்லைக்கோடு. 1970களில் கனடாவில் டேவிட் சாக்கெட், பிரயன் ஹேன்ஸ் குழுவினர் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் ரத்த அழுத்த மருந்து பற்றி ஆய்வு செய்தபோது, இதே போல மாத்திரைகளை எண்ணி அந்தக் கோட்டைப் பயன்படுத்தினார்கள். 30க்கு 24 என்றால் 80. ஆனால் மாதம் ஆறு நாள் விடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

படி 5: கட்டங்களின் வடிவத்தைப் பாருங்கள்

எனக்கு எண்ணைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏழு நாள் விட்டுப்போன இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு வெற்றுக் கட்டங்கள். இன்னொருவருக்கு ஒரு வாரம் முழுக்க வெற்று. இருவருக்கும் 77 சதவீதம்தான், ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு.

அம்லோடிபின் என்ற பிபி மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் விட்டாலும் முந்தைய மாத்திரை ஓரளவு தாங்கும். ஒரு வாரம் விட்டால் தாங்க ஒன்றுமே மிச்சம் இருக்காது. எல்லா மருந்தும் அம்லோடிபின் போல நின்று பேசாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். குளோனிடின் என்ற இன்னொரு பிபி மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிடவும் எகிறலாம். மெட்டோபுரோலால், அட்டெனலால் வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலிகூட வரலாம்.

மாத்திரை டப்பாவின் மூடி திறக்கும் நேரத்தை மின்னணு முறையில் பதிவு செய்து, 4,783 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சுமார் பாதிப் பேர் ஓராண்டுக்குள் மருந்தையே நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்து சாப்பிட்டவர்களும், எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய 10 சதவீத டோஸை விட்டிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருடத்தில் ஒரு முறையாவது மூன்று நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தது.

படி 6: காரணத்துக்கு ஏற்ற மருந்து

மறதி என்றால், ஏற்கெனவே தினமும் செய்யும் வேலையோடு மாத்திரையைக் கட்டிவிடுங்கள். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வைக்கலாம். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி நல்ல துணை. காலையா ராத்திரியா என்ற குழப்பமும் வேண்டாம். 2022இல் முடிவு வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 21,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள்; மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு தெரியவில்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எது என்று டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். விட்டது அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிடுங்கள். இரண்டாக மட்டும் போட வேண்டாம்.

தீர்ந்துபோவதற்கு: ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்குங்கள்.

பக்கவிளைவு என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. சத்தமில்லாமல் நிறுத்தினால் அந்த மாற்று உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

"வேண்டாம்" என்று எழுதிய நாட்களுக்குப் பின்னால் பெரும்பாலும் "நல்லாத்தானே இருக்கேன்" என்ற எண்ணம்தான் இருக்கும். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, ஒரு அறிகுறியும் காட்டாது. மிஷினில் 128/80 என்று வந்தால், அந்த எண்ணில் மாத்திரையின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

படி 7: பிபி எண்களோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கைப்பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் 135/85ஐத் தொட்டாலே அதிகம்தான். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரைக் கணக்கு 95 சதவீதம், பிபியும் அதிகம் என்றால் டாக்டர் மருந்தை மாற்ற யோசிப்பார். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அவற்றையும் சொல்லுங்கள். கணக்கு 60 என்றால், டோஸைக் கூட்டுவதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுங்கள். "டாக்டர், இந்த மாதம் 30 நாளில் 18 நாள்தான் சாப்பிட்டேன்." இந்த ஒரு வரி போதும்.

அப்பா அப்படித்தான் நோட்டை மேசையில் வைத்தார். டாக்டர் திட்டவில்லை. இரண்டாவது மாத்திரையை எடுத்துவிட்டு, முதல் மாத்திரையோடு ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். இப்போது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அப்பாவே அட்டைகளைப் பரப்பி எண்ணுகிறார். போன மாதம் 30க்கு 28. வெறுமையாக இருந்த இரண்டு கட்டத்திலும் "பயணம்" என்று எழுதியிருந்தார்.