கார்பன் ஏறினால் போதாது, உடைய வேண்டும்

ரப்பர் கலக்கும் மிக்ஸிங் மில்லில் புதிதாக நிற்கும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். கொட்டிய கார்பன் தூள் கண்ணில் படாமல் மறைந்து, ரோலரில் சுற்றும் ஷீட் கருகருவென்று பளபளத்துவிட்டால் பேட்ச் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

“அக்கா, பூராவும் ஏறிருச்சு. இறக்கிரவா?”

“ஏறினது சரி தம்பி. உடைஞ்சிருச்சா?”

மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் காம்பவுண்ட், அதாவது ரப்பரோடு தூளும் ரசாயனமும் சேர்த்த கலவை, போடும் ஒரு சின்ன யூனிட்டில் ஃபார்முலாவும் டெஸ்டிங்கும் என் பொறுப்பு. வண்டிக்கான புஷ், பம்பு வாஷர், மெஷினுக்கு அடியில் வைக்கும் மவுண்ட் என்று செய்கிற சுற்றுவட்டார மோல்டிங் பட்டறைகளுக்கு எங்கள் ஷீட் போகிறது. ஒரு புஷ் சீக்கிரம் வெடிப்பு விட்டால் எல்லோரும் முதலில் ஃபார்முலாவைத்தான் குற்றம் சொல்வார்கள். பல நேரம் ஃபார்முலா சரியாகவே இருக்கும், கலந்த விதம்தான் தப்பாக இருக்கும். அதனால் கலக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொந்தமாக ஒரு மில் வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும்.

ஒரு தூள் ரப்பருக்குள் சீராக நிற்க வேண்டுமானால் மூன்று வேலை நடக்க வேண்டும். தூள் ரப்பருக்குள் ஏற வேண்டும். அதன் கட்டிகள் உடைய வேண்டும். உடைந்தது பேட்ச் முழுக்க ஒரே அளவாகப் பரவ வேண்டும். ஏறியதும் பரவியதும் கண்ணுக்குத் தெரியும். உடைந்ததா என்பது தெரியாது, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். நாம் அதிகம் போடும் என்330 என்ற ரகக் கார்பனில் ஒரு துகளின் குறுக்களவு ஏறக்குறைய 30 நானோமீட்டர். இந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. கார்பன் உண்டாகும் உலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னக் கொத்தாகிவிடுகின்றன. அந்தக் கொத்துகள் சேர்ந்து கட்டி, கட்டிகள் சேர்ந்து நாம் மூட்டையில் பார்க்கும் குருணை. கொத்தைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை, ரப்பருக்கு வலு கொடுப்பதே அதுதான். கட்டியைத்தான் உடைக்க வேண்டும். பத்து மைக்ரானுக்கு மேல் ஒரு கட்டி மிஞ்சினாலும், புஷ் திரும்பத் திரும்ப முறுக்குப்படும்போது வெடிப்பு அங்கிருந்து கிளம்பும். பத்து மைக்ரானை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது.

கட்டியை உடைப்பது எது? மில்லில் இரண்டு ரோலரும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன, சாதாரணமாக ஒன்றுக்கு 1.1 முதல் 1.25 வரை. இந்த வேக வித்தியாசத்தால் நடுவில் மாட்டும் ரப்பர் இழுபட்டு அரைபடுகிறது. ரப்பர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, ரோலர்களுக்கு நடுவில் நிப் என்று சொல்லும் இடைவெளி எவ்வளவு குறுகலோ, அவ்வளவு பலமாக அந்த இழுவை கட்டியைப் பிடித்துக் கிழிக்கும். ரப்பர் சூடாகிக் குழைந்துவிட்டால் கட்டி அதில் மிதந்துகொண்டு அப்படியே நழுவிப் போய்விடும். கேப்பைக் கூழுக்கு மாவு கரைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து கட்டியை நசுக்கிவிட்டுத்தான் தண்ணீரைக் கூட்டுவோம். ஆரம்பத்திலேயே தண்ணீரை ஊற்றினால் கடைசி வரை கட்டி கட்டியாகத்தான் இருக்கும்.

ஆக, ரப்பர் விறைப்பாக இருக்கும்போதே உடைக்க வேண்டியதை உடைத்துவிட வேண்டும், பரப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இனி நான் சொல்லப்போகும் வரிசை முழுக்க இதிலிருந்து வருவதுதான்.

ஒரு சாதாரண புஷ் காம்பவுண்டையே எடுத்துக்கொள்வோம். 14க்கு 36 இன்ச் மில்லுக்கு அளவு இது: குமரி மாவட்டத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வரும் ஆர்.எஸ்.எஸ். 4 ஷீட் (புகையில் உலர்த்திய இயற்கை ரப்பர்) 10 கிலோ, ஜிங்க் ஆக்சைடு 500 கிராம், ஸ்டியரிக் ஆசிட் 200 கிராம், டி.எம்.க்யூ. (ரப்பர் சீக்கிரம் முதுமை தட்டாமல் காப்பது) 100 கிராம், என்330 கார்பன் 5 கிலோ, ஆயில் 500 கிராம், சல்பர் 250 கிராம், சி.பி.எஸ். ஆக்சிலரேட்டர் (சல்பர் ரப்பரை வேகவைப்பதைத் துரிதமாக்குவது) 70 கிராம். இது ஷோர் என்ற கடினத்தன்மை அளவில் 60 சுற்றில் ஹார்ட்னஸ் தரும்.

எடை போடும்போதே பாதி வேலை இருக்கிறது. சல்பரையும் ஜிங்க் ஆக்சைடையும் சலித்துத்தான் எடுக்க வேண்டும். மூட்டையின் அடியில் அழுந்திக் கிடந்த ஜிங்க் ஆக்சைடு விரலால் நசுக்கினால் உடைவதுபோல் இருக்கும், ஆனால் ரப்பருக்குள் போனால் உடையாது, வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சல்பர் தூசி பறக்கும் இடத்தில் தீப்பொறி கூடாது. தொங்கும் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே வைத்துச் சலிக்காதீர்கள். கார்பன் மூட்டையையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். குருணை முழுதாக இருந்தால் நல்லது. லாரியில் குலுங்கித் தூளாகிவிட்ட கார்பன் பறக்கும், ரப்பர் அதைப் பிடிக்க நேரமாகும், நிப்பில் கட்டி தட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிமெண்டுத் தரையில் நேராக மூட்டையை அடுக்கக் கூடாது. கட்டைப் பலகை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சிலிக்கா போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அது காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும்.

இனி மில்லுக்கு வருவோம். முதலில் ரப்பரை மட்டும் குறுகிய நிப்பில் விட்டு மசிக்க வேண்டும். ரோலர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு காரணம் உண்டு. இயற்கை ரப்பரின் நீள மூலக்கூறுச் சங்கிலிகள் குளிரில்தான் இழுவையால் அறுபடுகின்றன. சூடு ஏற ஏற அறுபடுவது குறைந்துகொண்டே வந்து, 100-லிருந்து 115 டிகிரிக்குள் மிகக் குறைவாகிவிடும். சூடான மில்லில் ரப்பர் சும்மா சுற்றும், கரண்டுதான் செலவு. அதற்காக அளவுக்கு மீறி மசிக்கவும் கூடாது. ரோலரை ஓட்டையில்லாமல் சுற்றி, நிப்பின் மேல் கொஞ்சமாக ரப்பர் உருண்டு நிற்கிற நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கட்டியை உடைக்கத் தேவையான விறைப்பை நாமே வீணாக்குகிறோம்.

அப்புறம் ஜிங்க் ஆக்சைடு, டி.எம்.க்யூ., ஸ்டியரிக் ஆசிட். ஸ்டியரிக் 70 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. ஜிங்க் ஆக்சைடுதான் தொல்லை. ரோலரில் அப்பிக்கொள்ளும். ஒரே இடத்தில் கொட்டாமல் ரோலரின் நீளம் முழுக்கத் தூவ வேண்டும்.

அடுத்து கார்பன். இதில்தான் அவசரப்படக் கூடாது. பாதியை முதலில் போடுங்கள், மெதுவாக, நீளம் முழுக்கச் சமமாக. ஷீட் தடிக்கத் தடிக்க நிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மேலே உருளும் ரப்பரை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிதாகிவிட்டால் மேலே புரள்கிற ரப்பர் நிப்புக்குள் போகாமலே புரண்டுகொண்டிருக்கும். நிப்பின் மேல் தளர்ந்த கார்பன் தெரிந்துகொண்டிருக்கும்போது ஷீட்டில் கத்தி வைக்கவே கூடாது. வைத்தால் தூள் பின்பக்கமாகச் சரிந்து, ரப்பர் இல்லாமல் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அழுந்தி, தகடாகி ட்ரேயில் விழும். அந்தத் தகட்டைத் திரும்பப் போட்டால் எளிதில் உடையாது. நான் பார்த்த கரும்புள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். ட்ரேயில் விழும் உதிரித் தூளை உடனுக்குடன் பெருக்கித் திரும்பப் போட்டுவிட வேண்டும். கடைசியில் மொத்தமாக அள்ளிப் போடுவதும் தப்பு, குப்பையில் தள்ளுவது அதைவிடத் தப்பு.

ஆயிலை எப்போது விடுவது? பாதிக் கார்பன் ஏறி, அரைபட்டு, ஷீட் விறைத்த பிறகு, மீதிக் கார்பனோடு விடுங்கள். நிறையப் பட்டறைகளில் ஆயிலை முதலிலேயே ஊற்றிவிடுகிறார்கள். கார்பன் சட்டென்று ஏறும், தூசியும் பறக்காது, மோட்டாரும் முனகாது. பார்க்க வேலை சுளுவாகத் தெரியும். உண்மையில் ரப்பரின் விறைப்பை இளக்கிவிட்டோம், கட்டிகள் முழுதாக உள்ளே உட்கார்ந்துவிட்டன. பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்தப் பேட்ச் தேறாது. மோட்டார் கொஞ்சம் முனகட்டும். கட்டி உடைகிற சத்தம் அது.

பரப்புவதற்குக் கத்தி வேண்டும். ரோலரை ஒட்டியிருக்கும் உள்ளடுக்கு ரப்பர், நாம் அறுத்துத் திருப்பாதவரை வெளியே வராது. இடமிருந்து வலமாகவும் அது தானாக நகராது. அதனால் ஷீட்டின் அகலத்தில் முக்கால் பங்கு குறுக்கே அறுத்து, மறுபக்கமாக மடித்துவிட வேண்டும். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்பது நல்ல பழக்கம். கடைசியில் முழு ஷீட்டையும் அறுத்தெடுத்துச் சுருட்டி, நிப்பை 0.8 மில்லிமீட்டருக்கு இறுக்கி, சுருளைச் செங்குத்தாக, நுனி முதலில் போகும்படி ஆறு முறை விடுங்கள். ஆய்வகத்தில் டெஸ்ட் ஷீட்டுக்குச் செய்யும் முறை இது. உற்பத்தியில் நேரமில்லை என்பார்கள். பாதியாவது செய்யுங்கள், வித்தியாசம் ரிப்போர்ட்டில் தெரியும். அறுக்கும்போது கத்தி எப்போதும் நிப்புக்குக் கீழே, ரோலரின் நடு உயரத்துக்குக் கீழ்ப்பக்கமாகவே இருக்கட்டும். ஷிப்ட் தொடங்கும்போது சேஃப்டி பாரைத் தட்டி மில் நிற்கிறதா என்று பார்க்காமல் முதல் பேட்சை ஏற்றவே கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு நிப்புப் பக்கம் தூள் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சல்பரும் சி.பி.எஸ்.-ஸும் அன்றே போடாதீர்கள். கார்பன் ஷீட்டைத் தொங்கவிட்டு ஆறவைத்து, ஒரு ராத்திரி கிடக்கட்டும். மறுநாள் குளிர்ந்த மில்லில் திரும்ப ஏற்றும்போது அது விறைப்பாக இருக்கும். முந்தைய நாள் சூட்டில் தப்பிய கட்டிகளும் இப்போது உடையும். சூடான ஷீட்டை அடுக்கி வைத்தால் நடுவில் சூடு இறங்காது. ஒட்டாமல் இருக்க சோப்புத் தண்ணீரில் முக்குபவர்கள் முழுக்கக் காயவிடுங்கள். மடிப்புக்குள் நின்ற ஈரம் மோல்டில் கொப்புளமாக வரும்.

250 கிராம் சல்பர் 16 கிலோ காம்பவுண்டில் எல்லா மூலைக்கும் போக வேண்டும். சல்பர் 115 டிகிரிக்கு மேல் உருகும். சூட்டில் உருகினால் சின்னச் சின்னக் குட்டையாகத் தேங்கி, ஆறும்போது அங்கங்கே படிகமாக நிற்கும். கூடவே ஸ்கார்ச் ஆகும், அதாவது மோல்டுக்குப் போகும் முன்பே வேகத் தொடங்கும், ஆபத்தும் இருக்கிறது. ரோலர் 70 டிகிரியைத் தாண்டவிடாமல் முடித்துவிடுவது என் வழக்கம். சித்திரை, வைகாசியில் இதுதான் பெரிய போராட்டம். வெளியே 40 டிகிரி, தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பு. அதோடு நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ரோலருக்குள் வெள்ளையாகப் படிந்து சூட்டைக் கடத்தவிடாது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ரோலர் மட்டும் ஆறாது. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் சூட்டு வித்தியாசம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால், படிவைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. கோடையில் சல்பர் பேட்சை மட்டும் விடிகாலை ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள். சுடும் ரோலரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் போதும்.

ரப்பர் மாறினால் வரிசையும் மாறும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் சல்பர் எளிதில் கரையாது, அதனால் அதை முதலிலேயே போட்டு நெடுநேரம் அரைபடவிட வேண்டும், ஆக்சிலரேட்டர்தான் கடைசி. இன்னொரு செயற்கை ரப்பரான நியோப்ரீனில் மெக்னீசியம் ஆக்சைடு முதலில், ஜிங்க் ஆக்சைடு கடைசியில். இயற்கை ரப்பரையும் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரையும் கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று திட்டுத்திட்டாக நிற்கின்றன. இரண்டின் குழைவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் திட்டுகள் பொடியாகும். ஆகவே இயற்கை ரப்பரை முதலில் தனியே மசித்து எஸ்.பி.ஆரின் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சேருங்கள். கார்பன் எஸ்.பி.ஆர். பக்கம் அதிகமாகச் சாயும் என்பதால், இயற்கை ரப்பரில் கார்பனைத் தனியே ஏற்றிவிட்டு அப்புறம் கலப்பதும் உண்டு.

மூடிய அறைக்குள் கலக்கும் மெஷினான நீடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: அறையின் கொள்ளளவில் 70 முதல் 80 சதவீதம் நிரப்புங்கள். குறைந்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டே சுற்றும், அரைபடாது.

சோதனை இரண்டு விதமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பரவியதைக் காட்டும் சோதனை உடைந்ததைக் காட்டாது. பரவியதற்கு அடர்த்தி. பேட்சின் இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில் துண்டு எடுத்து, காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை. காற்று எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. துண்டில் காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். மேலே சொன்ன ஃபார்முலாவுக்குக் கணக்குப்படி 1.13 வர வேண்டும். மூன்று இடமும் 0.01-க்கு மேல் விலகினால் இன்னும் அறுத்துத் திருப்ப வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்து, கணக்கைவிடக் குறைவாக வந்தால் கார்பனோ ஜிங்க்கோ ட்ரேயிலேயே தங்கிவிட்டது.

உடைந்ததற்குப் பிளேடும் லென்சும். வெந்த துண்டைப் புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, 30 மடங்கு பெருக்கும் லென்சில், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாக உடைந்திருந்தால் வெட்டு முகம் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். கட்டி இருந்தால் பிளேடு அதை வெட்டாமல் தாண்டிப் போயிருக்கும். ஒரு பாதியில் மேடு, அதற்கு எதிரே மறு பாதியில் குழி. இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். மேடு கறுப்பாக இருந்தால் கார்பன், வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் ஜிங்க், மஞ்சளாக மினுங்கினால் சல்பர். சல்பர் என்றால் இரண்டாம் நாள் வேலையில் சூடு அதிகம். கார்பன் என்றால் முதல் நாள் ஆயில் எப்போது விட்டார்கள் என்று மில்லில் நின்றவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் வெட்டிய இரண்டு பாதிகளைத் தேதி, பேட்ச் நம்பர், ரோலர் சூடு எழுதி ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து புஷ் திரும்பி வரும் நாளில் அந்தக் கவரைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.