பழைய துப்பறியும் கதையைச் செட்டிநாட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் முறை

நூறாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு துப்பறியும் கதையை, இன்றைய காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ நடப்பதாக மாற்றித் தொலைக்காட்சித் தொடராக்க முனைவோர், பெரும்பாலும் பாத்திரங்களுக்குப் பெயர் மாற்றி, வேட்டி கட்டிவிட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி எடுத்த கதை இரண்டாம் காட்சியிலேயே இடறும். மூலக்கதையில் ஒவ்வொரு துப்பும் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்து, அதே வேலையைச் செய்யக்கூடிய பொருள் இன்று இந்த ஊரில் எது என்று தேடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்குப் பாடமாகக் கொள்ளத்தக்க ஓர் இடம் உண்டு. 1890-இல் வெளிவந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், வாட்சன் கொடுத்த சட்டைப்பைக் கடிகாரத்தின் சாவித்துளையைச் சுற்றியிருக்கும் கீறல்களைக் கொண்டு, அதன் முந்தைய உரிமையாளர் குடிப்பழக்கம் உள்ளவர் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்கிறார். 2010-இல் பிபிசி தயாரித்த ‘ஷெர்லாக்’ தொடரின் முதல் பகுதியில் கடிகாரம் கைபேசியாகிறது. நடுங்கும் கையோடு சார்ஜர் செருகியதால் ஏற்பட்ட கீறல்கள் அதே கதையைச் சொல்கின்றன. வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயப்பட்டுத் திரும்பிய மருத்துவர் என்பதை மட்டும் அவர்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வரலாறே அந்த வேலையைச் செய்துவைத்திருந்தது.

செட்டிநாட்டில் இதற்கு ஈடாகப் பூட்டைக் கொள்ளலாம். பெரிய வீடுகள் பலவும் ஒரு தெருவில் முகப்பைக் கொண்டு அடுத்த தெருவில் பின்வாசலோடு முடிகின்றன. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அத்தகைய வீட்டில், முன்வாசல் பூட்டு துருவேறியிருக்க, பின்வாசல் பூட்டின் துளையில் புது எண்ணெய்ப் பசை இருந்தால், பார்ப்பவர்களுக்கு வசனம் எதுவும் தேவையில்லை.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமையைப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் 1930-இல் இறந்தவர், தடையில்லை. அகதா கிறிஸ்டி 1976-இல் இறந்ததால் இங்கே 2036 முடியும்வரை அனுமதி பெற வேண்டும். நாவலைவிடச் சிறுகதையே ஒரு மணி நேரப் பகுதிக்குப் பொருந்தும். ஹோம்ஸ் சிறுகதைகள் 56-இல் செட்டிநாட்டுக்காகவே எழுதியதுபோல் இருப்பது, என் கணிப்பில், 1893-இல் வந்த ‘தி மஸ்கிரேவ் ரிச்சுவல்’.

பழைய குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்படும் கேள்வி பதில் வரிகள், உண்மையில் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு. யாருடையது? போனவருடையது. யாருக்குச் சேரும்? வரப்போகிறவருக்கு. அதன் பொருளைக் கண்டுகொண்ட தலைமைப் பணியாள், கல்மூடிக்குக் கீழேயுள்ள நிலவறையில் சிக்கி இறந்துவிடுகிறான். அவன் கைவிட்ட பணிப்பெண் மூடியைத் தள்ளினாளா, தானாக விழுந்ததா என்பதைக் கதை தீர்த்துச் சொல்வதில்லை. புதையல், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் உடைந்த மணிமுடி.

அந்த வரிகளைத் தாலாட்டாக்குங்கள். ஆச்சிமார் பாடிப் பாடிக் கடத்திய தாலாட்டு செட்டிநாட்டின் உண்மையான சொத்து. இந்த வீட்டுத் தாலாட்டில் மட்டும் தூண்களை எண்ணும் ஓர் அடி கூடுதலாக வருவதாக அமைக்கலாம். மூலத்தில் ஆண்கள் ஒப்பித்ததை இங்கே பெண்கள் பாடுவதால், ரகசியம் அப்பத்தாவிடம் இருக்கும். சொத்துக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் யாரும் அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

மணிமுடிக்கு ஈடு தேடும்போதுதான் அவசரப்படக் கூடாது. தங்கப் புதையல் என்று வைத்துவிட்டால் கதை வெறும் பேராசைக் கதையாகிவிடும். மணிமுடிக்குப் பின்னால் ஒரு நாட்டின் உள்நாட்டுப் போர் இருக்கிறது; செட்டிநாட்டில் அந்த அளவுக்குக் கனமான வரலாறு பர்மா. 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம், பெரும்பாலும் கடன் திரும்பாததால், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுத் திரும்ப நேர்ந்தது. ஆகவே நிலவறையில் இருப்பது, ரங்கூன் வட்டிக்கடையில் பர்மியர் ஒருவர் அடகு வைத்து மீட்க வராமல் போன, பர்மாவின் மோகோக் சுரங்கத்துக் கெம்புக் கல் என்று வையுங்கள். யாருடையது, போனவருடையது என்ற பழைய வரி அப்போது உறுத்தத் தொடங்கும். பேரேட்டில் அந்த அடகு ஒவ்வோர் ஐந்தொகையிலும் (வரவு செலவு இருப்புக் கணக்கு) தீராமல் முன்னெடுத்து எழுதப்பட்டிருப்பதைத் துப்பறிபவர் விரல் வைத்துக் காட்டும் காட்சி, எந்தத் துரத்தல் காட்சியையும்விட நன்றாக நிற்கும்.

அடுத்தது நிழல். மூலத்தில், வெட்டப்பட்டுவிட்ட எல்ம் மரத்தின் நிழலை ஹோம்ஸ் கணக்கிடுகிறார்: 6 அடித் தூண்டிற்கோலின் நிழல் 9 அடியானால், 64 அடி மரத்தின் நிழல் 96 அடி. இங்கிலாந்தில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். காரைக்குடியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை சூரியன் நம் தலைக்கு வடக்கே சென்று, நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. 10 அடிக் கழி ஒன்று தை பிறக்கும்போது வடக்கே சுமார் 6 அடியும், ஆடி பிறக்கும்போது தெற்கே சுமார் 2 அடியும் நிழல் தரும். ஆடியில் வந்து வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், அளந்த திருடன் தவறான தூணடியில் தோண்டியிருப்பான். தாலாட்டில் பொங்கல் பானை வருவதைக் கவனித்த துப்பறிபவர் மட்டுமே மறுபக்கம் திரும்புவார். கோனன் டாயிலுக்குக் கிடைக்காத திருப்பம் இது; நம் வெயில் இலவசமாகத் தருகிறது.

இறப்பவராக வீட்டுக் காவல்காரரை வைக்க வேண்டாம். வேலைக்காரர்மேல் பழி போடும் பழக்கம் அக்காலக் கதைகளின் சோம்பல். அதை நாமும் சுமக்கத் தேவையில்லை. பழைய ஏடுகளை ஸ்கேன் செய்ய வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் என்றால், இரவில் ஆவணம் படிக்கக் காரணமும் இருக்கும், படித்ததைப் புரிந்துகொள்ளும் அறிவும் இருக்கும். மூலத்தில் சில நாள்களில் உடல் கிடைத்துவிடுகிறது. இங்கே வீட்டைப் பூட்டிவிட்டுப் பங்காளிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பிவிட்டால், அடுத்த படைப்புக்கோ (முன்னோரை வழிபடும் குடும்பச் சடங்கு) கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலையும் அந்த வழக்கமே வரையறுத்துவிடுகிறது: வீட்டைப் பூட்டும் முன் நடந்த விருந்தில் இலையில் உட்கார்ந்தவர்கள் மட்டுமே.

கைபேசியைக் கண்டு அஞ்சி, சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழியைக் கல்மூடிக்குக் கீழே மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் அதையே சாட்சியாக்கலாம். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்த விருந்துப் படமொன்றில், பின்னணியில் சாவிக்கொத்து ஆணியில் இல்லாதது தெரியட்டும். கண்காணிப்புக் கேமரா முகப்பை மட்டும் பார்க்கிறது, பின்தெருவைப் பார்ப்பதில்லை என்பதும் போதுமான இடைவெளி.

மூலத்தில் வாட்சன் அந்த வீட்டுக்குச் செல்வதே இல்லை; இருவரும் அறிமுகமாகும் முன் நடந்த வழக்கை ஹோம்ஸ் அவருக்குச் சொல்கிறார். 1986-இல் ஜெரமி பிரெட் நடித்த கிரனாடா தொடரில் வாட்சனையும் கூடவே அனுப்பிவைத்தார்கள். அதுவே சரி; சொல்லப்படும் நினைவு திரையில் தொய்யும். நம் வாட்சன் அந்த வீட்டு மருமகளாக இருந்தால், வந்தவர் கேட்பதற்கெல்லாம் விளக்கம் சொல்ல இயல்பான வாய் கிடைக்கும். பேச்சில் அப்பச்சி, ஆத்தா, ஐயா, ஆயா என்ற முறைச்சொற்கள் பிசகக் கூடாது. துப்பறிபவர் வயதில் மூத்த பெண்ணை ‘ஆச்சி’ என்றே அழைக்கட்டும். மேடம் என்றால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

படப்பிடிப்பைப் பற்றிச் சிறிது. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பதால், ஒருவரின் வாய்மொழியை நம்பி லாரியை அனுப்பாமல் அனைவரின் எழுத்துச் சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள். வளவில் குரல் எதிரொலிக்கும். சுவர் ஓரமாகக் கனத்த ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, வசனத்தைக் காலரில் பொருத்தும் மைக்கில் பதிவு செய்யலாம். நிழல் காட்சியைப் பொய்யாக விளக்கு வைத்து எடுக்க எண்ணினால், ஊர்க்காரர் எவரேனும் மாதத்தைச் சொல்லித் தவறு பிடித்துவிடுவார். ஆடிக்கு ஒரு நாளும் தைக்கு ஒரு நாளும் ஒதுக்கி, இரண்டையும் உண்மை வெயிலில் எடுப்பதே வழி.